நீலம் எங்கே குடியிருக்கிறது

காற்றில் ஈரம் ஏறத் தொடங்கியிருந்த ஒரு வாரம். என் சேகரிப்பில் ஈரம் பட்டால் கெட்டுப்போகும் கற்கள் எவை என்று யோசித்து, இரண்டை மட்டும் தனியே எடுத்தேன். ஒன்று நீல ஹேலைட், அதாவது நீல நிறத்தில் கிடைக்கும் பாறை உப்பு. இன்னொன்று கால்கந்தைட். சித்த மருத்துவ நூல்களில் மயில்துத்தம் என்றும் துருசு என்றும் வருவது இதுதான், செப்பு சல்பேட்டின் இயற்கைப் படிகம். இரண்டுமே தண்ணீரில் கரையும். கரையும் பொருளுக்கு ஈரம் ஆகாது என்பது என் கணக்கு. ரப்பர் விளிம்பு வைத்த ஒரே டப்பாவில் இரண்டையும் வைத்து, ஈரத்தை உறிஞ்சும் புது சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தை உள்ளே போட்டு, மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி.

ஆறேழு வாரம் கழித்துத் திறந்தேன். ஹேலைட் வைத்தது வைத்தபடி இருந்தது. கால்கந்தைட்டைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. மயில் கழுத்து நீலத்தில் கண்ணாடிபோல் இருந்த படிகங்களின் மேல், சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு வெளிர் மாவு. விளிம்புகள் உதிர்ந்து டப்பாவின் அடியில் பொடியாகக் கிடந்தன. விரல் நுனியால் தொட்டேன். ஒரு படிகத்தின் முனை, கோலமாவு மாதிரி, சத்தமே இல்லாமல் சரிந்தது.

அன்றைக்குத்தான் ஒரு கேள்வி எனக்குள் புகுந்தது. இன்றுவரை ஒவ்வொரு நீலக் கல்லையும் கையில் எடுக்கும்போது அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் கல்லில் நீலம் எங்கே குடியிருக்கிறது?

கால்கந்தைட்டில் அது தண்ணீரோடு சேர்ந்து குடியிருக்கிறது. செப்பு சல்பேட் அலகு ஒவ்வொன்றோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள் கட்டுண்டிருக்கின்றன. செம்பு அணுவைச் சுற்றி அந்த நீர் அமர்ந்திருக்கும் விதத்தால்தான் சிவப்பும் மஞ்சளும் விழுங்கப்பட்டு நீலம் மட்டும் நம் கண்ணுக்கு வருகிறது. நீர் முழுவதும் போய்விட்டால் மிஞ்சுவது வெள்ளைப் பொடி. 25 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 33 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இந்தப் படிகம் தன் நீரை விடத் தொடங்கும். புது சிலிக்கா ஜெல் ஒரு சின்ன டப்பாவின் காற்றை அதைவிட வெகு கீழே கொண்டுபோய்விடும். ஈரத்திலிருந்து காப்பதாக நினைத்து, படிகத்துக்குள் இருந்த தண்ணீரையே உறிஞ்ச வைத்துவிட்டேன்.

ஹேலைட் இதற்கு நேர் எதிர். அதற்குள் நீர் கிடையாது. வறட்சி எவ்வளவானாலும் கவலையில்லை. ஆனால் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்து, மேற்பரப்பு வியர்த்து, கூர்மையான விளிம்புகள் மழுங்கி, கடைசியில் கரைந்தே போகும். யோசித்தால் 40க்கும் 60க்கும் இடைப்பட்ட சாதாரணக் காற்றில் இரண்டும் சேர்ந்தே நலமாக இருந்திருக்கும். கெடுத்தது நான் போட்ட பொட்டலம்தான். இப்போது இரண்டுக்கும் தனித்தனி டப்பா. ஹேலைட்டோடு சிலிக்கா ஜெல் இருக்கிறது. கால்கந்தைட்டோடு, ஈரம் கூடினால் உறிஞ்சி, குறைந்தால் திருப்பிக் கொடுக்கும் இருவழிப் பொட்டலம் இருக்கிறது.

அந்த 75 என்ற எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோலக் குழைத்து, ஒரு மூடியில் வைத்து, ஈரப்பதமானியோடு சேர்த்து ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடுங்கள். சில மணி நேரம் கழித்து முள் 75ல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவி எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிடும். என்னிடம் இருக்கும் மூன்று கருவிகளில் ஒன்று 8 குறைத்துக் காட்டுவதை இப்படித்தான் கண்டுபிடித்தேன். அதை நம்பி முடிவெடுத்திருந்தால் ஹேலைட் போயிருக்கும்.

சரி, ஹேலைட்டுக்குள் நீலம் எங்கே இருக்கிறது? உப்பின் இயல்பு நிறமின்மை. நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் பகுதியிலும், ஜெர்மனியின் பொட்டாஷ் சுரங்கங்களிலும் கிடைக்கும் நீல உப்பு பெரும்பாலும் பொட்டாசியம் உப்பான சில்வைட்டுக்கு அருகிலேயே இருக்கும். இயற்கைப் பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு, பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. அது மெல்ல மெல்லச் சிதையும்போது வரும் கதிர்வீச்சு பக்கத்து உப்பின் கட்டமைப்பில் எலக்ட்ரான்களை இடம்பெயர்த்து, அவற்றைச் சிறு குழிகளில் சிக்க வைக்கிறது. இடம் விட்டு இடம் நகர்ந்த இந்தக் கோளாறுகளும், அங்கங்கே திரண்ட நுண்ணிய சோடியத் துகள்களும் சேர்ந்துதான் அந்த நீலம். நிறமி என்று எதையும் அதற்குள் விரல் வைத்துக் காட்ட முடியாது.

இதை ஒரு முறை கண்ணாலேயே பார்த்தேன். கல்லிலிருந்து தானாக உடைந்து விழுந்திருந்த ஒரு துணுக்கு, கடுகைவிடக் கொஞ்சம் பெரியது, உள்ளே இங்க் சிந்தியதுபோல ஒரு திட்டு. வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு அதைப் போட்டேன். லூப்பை, அதாவது கண்ணருகே பிடிக்கும் சின்ன உருப்பெருக்கியை, வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தேன். முனைகள் உருண்டன. நீலத் திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. தண்ணீரில் ஒரு நூலளவு நிறமாவது இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. கடைசித் துளி நீலம் ஒரு புள்ளியாக நின்று, மறைந்தது. கிண்ணத்தில் தெளிந்த உப்புத் தண்ணீர். கட்டமைப்பு கலைந்ததும் நீலத்துக்கு இருக்க இடமில்லாமல் போய்விட்டது. அதிலிருந்து அந்தக் கல்லை வெப்பத்தின் பக்கமே கொண்டுபோவதில்லை. சூடாக்கினாலும் சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபட்டு நிறம் போய்விடும்.

கதிர்வீச்சால் வந்த நிறங்கள் எல்லாவற்றையும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். 1917ல் பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் மாஷிஷி என்ற சுரங்கத்தில் பெரில் என்ற மணிக்கல் அடர்நீலத்தில் கிடைத்தது. பெரிலின் வெளிர்நீல வகையான அக்வாமரினைவிடப் பல மடங்கு ஆழமான நீலம். வெளிச்சத்தில் வைக்க வைக்க அது வெளுத்துப்போனது. 1970களில் வெளிர் பெரிலைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அதே நீலத்தைச் செய்து விற்றார்கள், அதுவும் வெளுத்தது. மடகாஸ்கரிலிருந்து வரும் வான்நீல செலஸ்டைனும் ஜன்னலோரத்தில் மாதக்கணக்கில் இருந்தால் சோகை பிடித்ததுபோல ஆகிவிடும். செலஸ்டைன் பலரிடம் இருக்கும் கல் என்பதால் சொல்கிறேன், தயவுசெய்து அதை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். ஒளி ஊடுருவும்போது அது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துகொண்டிருக்கிறது.

விவியானைட்டைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். என் மனசுக்கு மிக நெருக்கமான கல் அது.

1817ல் ஆபிரகாம் காட்லாப் வெர்னர் இதற்கு ஜான் ஹென்றி விவியன் என்பவரின் பெயரை வைத்தார். நீரேறிய இரும்பு பாஸ்பேட். ஈர மண்ணில், காற்று புகாத களிமண்ணில், சதுப்பில், இரும்பும் பாஸ்பரசும் சந்திக்கும் இடமெல்லாம் இது பிறக்கும். புதைந்த எலும்பின் மேல், மட்டிச் சிப்பிகளின் உள்ளே படிகமாக வளரும். கிரிமியாவின் கெர்ச் பகுதியில் கிடைக்கும் புதைபடிவச் சிப்பிகளைத் திறந்தால் உள்ளே கரும்பச்சை விவியானைட் கதிர்கள் விரிந்திருக்கும். 1991ல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுத்த, 5,000 ஆண்டுக்கு முந்தைய ஓட்சி என்ற மனிதரின் தோலிலும் இதன் நீலத் திட்டுகள் இருந்தன. பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கங்களிலிருந்து பச்சைக் கண்ணாடிப் பட்டைகள் போன்ற அருமையான படிகங்கள் வருகின்றன.

மண்ணிலிருந்து அப்போதுதான் எடுத்த விவியானைட் பெரும்பாலும் நிறமற்றது, அல்லது மிக வெளிர்ந்த பச்சை. அதிலுள்ள இரும்பு எல்லாம் ஒரே நிலையில், இரண்டு எலக்ட்ரான் இழந்த நிலையில் இருக்கிறது. ஒளியும் காற்றும் பட்டதும் சில இரும்பு அணுக்கள் மூன்றாவது எலக்ட்ரானையும் இழக்கின்றன. இப்போது இரண்டு வகை இரும்பு பக்கத்துப் பக்கத்தில். ஒளி படும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் தாவுகிறது. அந்தத் தாவலுக்குச் சிவப்பும் மஞ்சளும் செலவாகின்றன. மிஞ்சுவது நீலம். அந்த மாற்றம் அங்கேயே நிற்காது. மேலும் மேலும் இரும்பு மாறும், நீலம் கருக்கும், கருநீலம் கறுப்பாகும், படிகம் அதன் பிளவுத் தளங்களில் விரிசல் விட்டுத் தகடு தகடாகப் பிரியும். நாம் எந்த நீலத்துக்காக அதை வாங்குகிறோமோ, அதுவே அதன் அழிவின் முதல் படி.

என் முதல் விவியானைட் கட்டைவிரல் நீளம். தட்டையான படிகம், தூக்கிப் பார்த்தால் பச்சை, சற்றே சாய்த்தால் நீலம். திசைக்கு ஒரு நிறம் காட்டும் அந்தக் குணத்தைப் படம்பிடிக்க ஆசைப்பட்டு, ஒரு பிற்பகல் முழுவதும் இரண்டு பெரிய விளக்குகளின் நடுவே வைத்துத் திருப்பித் திருப்பி எடுத்தேன். அப்புறம் அதைக் கண்ணாடி அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். ஒரு வருடம் கழித்து அந்தப் படங்களையும் கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. சாய்த்தாலும் நிமிர்த்தினாலும் ஒரே கருநீலம். தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் மாறியதே தெரியவில்லை.

இரண்டாவது விவியானைட் வந்தபோது முதல் நாளே ஒரு படம் எடுத்தேன், சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து. வருடத்துக்கு ஒரு முறை அதே விளக்கு, அதே அட்டை, அதே கோணத்தில் இன்னொரு படம். மற்ற நாட்களில் அது கீழ் இழுப்பறையில், கறுப்பு அட்டைப் பெட்டிக்குள், அலுமினியத் தாள் சுற்றி இருக்கிறது. யாராவது வந்தால் காட்டுவேன். பெட்டியைத் திறந்து, மெல்லிய வெளிச்சத்தில், ஒரு நிமிடம். ‘இவ்வளவு அழகான கல்லை இப்படி இருட்டில் பூட்டி வைத்தால் என்ன பயன்’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அலமாரியில் எப்போதும் நிற்கும் கல்லை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

அசுரைட் விஷயத்தில் மக்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். ‘அது மாலகைட்டாக மாறிவிடும், பச்சையாகிவிடும்’ என்பார்கள். மாறும், உண்மைதான். அசுரைட் ஒரு செப்புக் கார்பனேட். நீர் சேர்ந்து கொஞ்சம் கரியமில வாயு வெளியேறினால் அது பச்சை மாலகைட். மண்ணுக்கடியில் இது ஏராளமாக நடந்திருக்கிறது. பழைய ஓவியங்கள் சிலவற்றில் அசுரைட்டால் தீட்டிய நீலம் பச்சை தட்டியிருக்கிறது. ஆனால் அங்கே அது நன்றாக அரைத்த தூள். உலர்ந்த இழுப்பறையில் இருக்கும் முழுப் படிகம் ஒரு மனிதரின் ஆயுளுக்குள் பச்சையாகாது. அதற்கு உண்மையான ஆபத்து அமிலம், சூடு, தேய்ப்பு. வினிகர், எலுமிச்சைச் சாறு எது பட்டாலும் நுரைத்துக்கொண்டு அரிக்கும். சூடாக்கினால் கறுத்து செப்பு ஆக்சைடாகிவிடும். கடினம், 1 முதல் 10 வரையான அளவில், மூன்றரையிலிருந்து நாலுக்குள்தான். மணல் துகள் கலந்த தூசியைத் துணியால் துடைத்தாலே கீறல் விழும். சில மர அலமாரிகள், முக்கியமாக ஓக், அமில ஆவியை மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். சிதையத் தொடங்கிய பைரைட்டும் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) அமிலம் கக்கும். அசுரைட்டை இவற்றுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

நமீபியாவின் சுமெப் சுரங்கம் 1996ல் மூடப்பட்டது. உலகின் மிகச் சிறந்த அசுரைட் படிகங்கள் அங்கிருந்து வந்தவை என்பது சேகரிப்பாளர்கள் பலரின் கருத்து. என் கருத்தும் அதுதான். பிரான்சில் லியோன் அருகே செஸ்ஸி, அரிசோனாவின் பிஸ்பீ, மெக்சிகோவின் மில்பியாஸ் ஆகியவையும் பெயர் பெற்றவை. என்னிடம் இருப்பது பெரிய துண்டு இல்லை, நகத்தளவு. ஆனால் பாதி மாறியது. பத்து மடங்கு லூப்பில் பார்த்தால் படிகத்தின் ஒரு பாதி, பார்க்கப் பார்க்கக் கருப்பென்று நினைக்க வைக்கும் அளவுக்கு ஆழமான நீலம். மெல்லிய விளிம்பில் மட்டும் ஒளி புகுந்து உண்மை நிறத்தைக் காட்டுகிறது. மறுபாதியில் அதே விளிம்புகள், அதே மூலைகள், அதே சாய்வு. ஆனால் பட்டுநூல் கற்றைபோன்ற பச்சை இழைகளால் ஆனது. உருவம் அசுரைட்டினுடையது, பொருள் மாலகைட். நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டில் நீலம் நேராக வெட்டுப்பட்டு நிற்கவில்லை. பச்சை ஊசிகள் ஒவ்வொன்றாக நீலத்துக்குள் நுழைந்திருக்கின்றன, சில முன்னே, சில பின்னே. மாற்றம் அந்த இடத்தில், அந்தக் கணத்தில் நின்றுபோயிருக்கிறது. முழு நீலமாக இருந்திருந்தால் இந்தக் கல்லை இத்தனை முறை எடுத்துப் பார்த்திருக்க மாட்டேன்.

லினரைட் அசுரைட்டின் கண்ணைக் கட்டும் சாயல் கொண்டது. ஸ்பெயினின் லினாரஸ் ஊரின் பெயர் வாய்த்தது. ஈயமும் செம்பும் கலந்த சல்பேட். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் அசுரைட் நுரைக்கும், லினரைட் வெள்ளை படரும். இந்தச் சோதனையை உதிர்ந்த துணுக்கில் மட்டும் செய்ய வேண்டும். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் கிடைக்கும் போலியைட் கச்சிதமான நீலக் கனசதுரங்களாக வரும். அதிலும் ஈயம் உண்டு. இவற்றைத் தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கால்கந்தைட்டும் நஞ்சுதான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய இழுப்பறையே சரி. நீலக்கல் என்று நாம் சொல்லும் சஃபையர் கடினம் 9 கொண்டது. நீலம் இரும்பும் டைட்டானியமும் கலந்ததால் வருவது. காற்றோ நீரோ சாதாரண வெளிச்சமோ அதை ஒன்றும் செய்யாது. அதற்கு நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, அதனாலேயே எனக்கு அதன்மேல் பெரிய ஒட்டுதலும் இல்லை.

கவன்சைட்டுக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. கால்சியம், வனேடியம், சிலிகேட் மூன்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்துச் செய்த பெயர். 1967ல் அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில் கண்டுபிடித்தார்கள், 1973ல் புதிய கனிமமாக விவரித்து வெளியிட்டார்கள். அங்கே கிடைத்தவை சின்னஞ்சிறியவை. உலகம் அதை அறிந்தது புனே அருகே வாகோலியின் கல்குவாரிகளால்தான். கட்டடத்துக்காகப் பாறை உடைக்கும் குவாரிகள் அவை. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த தக்காண எரிமலைப் பாறையின் பொந்துகளில், வெள்ளை ஸ்டில்பைட் படிகங்களின் மேல், பளீரென்ற நீல உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையும் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரு மையத்திலிருந்து வெளியே விரிந்தது. அந்த நீலத்தை வனேடியம் கொடுக்கிறது. வெளிச்சத்தில் வெளுப்பதில்லை, சாதாரணக் காற்றில் கெடுவதில்லை.

ஆனால் உருண்டை ஸ்டில்பைட்டைப் பற்றிக்கொண்டிருப்பது ஒரு புள்ளியில். ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடும். இழுப்பறையை வேகமாக இழுத்து என் துண்டிலிருந்தே ஒன்று விழுந்து உருண்டது. பொதியும்போது பஞ்சு வைக்கவே கூடாது. இழைகள் ஊசிகளில் சிக்கி, எடுக்கும்போது ஊசிகளையும் பிடுங்கிக்கொண்டு வரும். கல்லின் அடிப்பாகத்தைப் பசைக்களிமண்ணால் ஒரு டப்பாவின் தரையில் ஒட்டி, படிகங்களை எதுவும் தொடாதபடி வெற்றிடம் விட்டு, அந்த டப்பாவை இன்னொரு பெரிய பெட்டிக்குள் மெத்தைகளின் நடுவே வைக்க வேண்டும். தூசிக்கு ஊதும் ரப்பர் பல்ப் போதும். தூரிகை வேண்டாம், அதிர்வலைக் குளியல் கருவி வேண்டவே வேண்டாம்.

இப்படிக் கழன்ற உருண்டைகளைத்தான் வேறு கல்லில் பசை வைத்து ஒட்டி விற்கிறார்கள். உருண்டை உண்மை, அடிக்கல் உண்மை, இரண்டும் சேர்ந்தது பொய். புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் பல பசைகள் வெளிர்நீலமாக ஒளிரும். லூப்பில் அடியைச் சுற்றி ஒரு பளபளப்பான வளையமோ காற்றுக் குமிழோ தெரியும். பழுது பார்த்தது தவறில்லை. என்னிடமிருந்து விழுந்ததை நானே, பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய பசையால், அதே இடத்தில் ஒட்டினேன். லேபிளில் அதை எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதாமல் விடுவதுதான் தவறு.

போலி நீலங்கள் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருபவை. வெள்ளை ஹவ்லைட்டுக்குச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்பார்கள். அகேட் துண்டுகளை இங்க் நீலத்தில் முக்கி எடுப்பார்கள். விரிசல்களில் சாயம் அடர்ந்து தேங்கியிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கால்கந்தைட் விஷயம் இன்னும் கடினம். செப்பு சல்பேட் கரைசலில் ஒரு பாறைத் துண்டைத் தொங்கவிட்டால் சில நாட்களிலேயே அதன்மேல் படிகம் வளர்ந்துவிடும். அதுவும் வேதியியல்படி அதே பொருள்தான். டப்பாவில் மாவாகிப்போன துண்டைக்கூட நான் சுரங்கத்துக் கல் என்றே வாங்கினேன். பின்னால் நிதானமாகப் பார்த்தபோது, படிகங்கள் பாறையின் புதிதாக உடைந்த முகத்தின் மேலேயும் ஏறியிருந்தன. சுத்தியல் பட்ட வடு ஒன்றின் மேலும் ஒரு படிகம். பாறை உடைந்த பிறகு வளர்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். விற்றவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

இரவில் மட்டும் பார்க்கும் கல் ஒன்றும் உண்டு. பெனிட்டோயிட். 1907ல் கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ ஆற்றின் தலைப்பகுதியில் கிடைத்தபோது சஃபையர் என்று நினைத்தார்கள். பெர்க்லியைச் சேர்ந்த ஜார்ஜ் லவுடர்பேக் ஆராய்ந்து, இது பேரியமும் டைட்டானியமும் கொண்ட புதிய கனிமம் என்று காட்டினார். படிகங்களின் சமச்சீரை வைத்து 32 வகுப்புகள்தான் இருக்க முடியும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டிருந்தார்கள். அதில் ஒரு வகுப்புக்கு இயற்கையில் ஓர் எடுத்துக்காட்டும் கிடைக்காமல் இடம் காலியாகவே இருந்தது. அந்த இடத்தில் வந்து அமர்ந்தது இந்த முக்கோண நீலக் கல். வெள்ளை நாட்ரோலைட்டுக்குள் புதைந்திருக்கும். அதை அமிலத்தால் கரைத்துத்தான் பெனிட்டோயிட்டை வெளியே கொண்டுவருகிறார்கள். அமிலம் பெனிட்டோயிட்டை ஒன்றும் செய்வதில்லை. கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதாவைத் தடுக்கும் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குறுகிய அலை புற ஊதா டார்ச்சை அதன்மேல் காட்டினால், அடுப்பின் வாயுச் சுடர்போல உள்ளிருந்து ஒரு நீலம் எரியும். டார்ச்சை அணைத்ததும் அது போய்விடும்.

லேபிள் இல்லாத கல் பாதிக் கல். எந்தச் சுரங்கம், எந்த மட்டம், எந்த ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு என்ற சங்கிலி அறுந்துவிட்டால் பிறகு எத்தனை ஆய்வு செய்தாலும் முழுதாகத் திரும்பக் கிடைக்காது. சுமெப் போன்ற மூடிய சுரங்கத்துக் கல் என்றால் சொல்லவே வேண்டாம். பழைய லேபிள்களைத் தூக்கிப் போடாதீர்கள், எழுத்துப் பிழை இருந்தாலும், கனிமத்தின் பெயரே தவறாக இருந்தாலும். என் அசுரைட்டோடு நான்கு லேபிள்கள் வந்தன, நான்கு கையெழுத்து. ஐந்தாவதாக என்னுடையதைச் சேர்த்தேன். கல்லின் கண்ணில் படாத பக்கத்தில் அரிசி அளவுக்கு வெள்ளை வண்ணம் தொட்டு, அதன்மேல் ஒரு எண். அதே எண் குறிப்பேட்டிலும். பெட்டி மாறினாலும் கல் ஆள் மாறாது. விவியானைட்டிலும் கவன்சைட்டிலும் கல்லின்மேல் எதையும் தீட்டுவதில்லை. அவற்றுக்கு டப்பாவின் அடியில்தான் எண்.

இந்தக் குறிப்பேட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வரி கூடுதலாக எழுதுவேன்: நீலம் எதனால். ‘நீர்’, ‘சிக்கிய எலக்ட்ரான்’, ‘இரண்டு வகை இரும்பு’, ‘வனேடியம்’ என்று. அதற்கு நேரே எதைத் தரக் கூடாது என்பது தானாகவே வந்துவிடுகிறது. வறட்சி, சூடு, வெளிச்சம், அதிர்வு.

மாவாகிப்போன கால்கந்தைட்டை நான் எறியவில்லை. ஈரக் காற்று படும்படி சில நாள் திறந்து வைத்தேன். வெளிறிய மாவு மெல்ல நீரை வாங்கி, ஒரு மங்கலான நீலத்துக்குத் திரும்பியது. நிறம் வந்தது; படிகம் வரவில்லை. முகங்களும் விளிம்புகளும் இருந்த இடத்தில் நீலமாக ஒரு குவியல். பொடி படாத உட்பக்கத்தில் மட்டும் இரண்டு படிகங்கள் இன்னும் பளபளக்கின்றன. அதை உலோகம் படாத தனி டப்பாவில் வைத்து, பழைய லேபிளைத் திருத்தி எழுதினேன்: ‘கால்கந்தைட். பாறைமேல் வளர்க்கப்பட்டது, சுரங்கத்தது அல்ல. சிலிக்கா ஜெல்லால் நீர் இழந்தது. இந்தப் பெட்டியில் ஈரப்பதம் 50. ஜெல் போடாதீர்கள்.’